குலவைக்கு முன்னால்

பரவைக் கண்மாய்க் கரையில் விடிந்தும் விடியாமலும் உறுமிச் சத்தம் கேட்டால், எந்தக் கோயிலில் கொடை என்று யாரும் கேட்பதில்லை. பேயாண்டி ஓடுகிறான் என்று தெரிந்துகொண்டு பல்லை விளக்கப் போவார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது பழகிப்போயிருந்தது.

பேயாண்டிக்குத் தொழில் மைக்செட். இரண்டு ரேடியோக் குழாய், கேசட் போடுகிற ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு கார் பேட்டரி, பெட்டி நிறையப் பாட்டு. அவன் கைக்கடிகாரம் கட்டி யாரும் பார்த்ததில்லை. எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் ஓடும் என்பது அவனுக்கு மனப்பாடம். எப்போது வருவாய் என்று கேட்டால், “மூணு பாட்டுல வாரேன்” என்பான். மூன்றாவது பாட்டு முடியும்போது வந்து நிற்கவும் செய்வான்.

இவனுக்குப் போலீஸ் ஆகவேண்டும் என்று ஒரே வெறி. உயரமும் மார்பளவும் அம்சமாக இருந்தன. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓடிக் காட்ட வேண்டும். அங்கேதான் இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வினான். முதல் தடவை கடைசிச் சுற்றில் உட்கார்ந்தே விட்டான். அடுத்த தடவை ஒன்பது விநாடி பிந்திவிட்டது.

“கால்ல ஒரு கோளாறும் இல்ல அண்ணே. பக்கத்துல ஓடுறவன் மூச்சு வாங்குறதக் கேட்டுக் கேட்டு எனக்கும் வாங்கிருது. காதுல ஒரு கொட்டு மட்டும் இருந்தா, நான் ஓடுற ஓட்டமே வேற” என்று டீக்கடையில் விளக்கம் வேறு கொடுத்தான். மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும்.

அந்தக் கொட்டுச் சத்தத்தையும் அவனே கண்டுபிடித்தான். ஊர்க் காளியம்மன் பொங்கலில் வாசித்த நையாண்டி மேளத்தை அவன் கேசட்டில் பிடித்து வைத்திருந்தான். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் சூடேறி, கடைசியில் தவிலும் உறுமியும் ஒன்றையொன்று விரட்டும். முடிகிற இடத்தில் அவன் மனைவி தங்கப்பொண்ணு போட்ட குலவை. சுவர்க்கடிகாரத்தை வைத்துப் பார்த்தான். முதல் அடியிலிருந்து குலவை வரைக்கும் சொல்லி வைத்தாற்போல ஏழு நிமிஷம். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தால், வேலையே கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

சைக்கிள் சக்கரத்தில் துணியைக் கட்டி, சுற்றை எண்ணிக் கரையை அளந்தான். மடையில் கிளம்பி, ஒற்றைப் பனையைத் தொட்டுத் திரும்பினால் கணக்குச் சரி. குழாயை மடைக்குப் பக்கத்துப் புளியமரத்தில் கட்டினான். தங்கப்பொண்ணு கேசட்டைப் போட வேண்டியது, இவன் பறக்க வேண்டியது. முதல் மாதம் பாதி வழியிலேயே குலவை வந்து மானத்தை வாங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினான். ஒருநாள் குலவைக்கு முன்னாலேயே மடையைத் தொட்டுவிட்டான். அதற்குப் பிறகு தினமும் முன்னால்தான் வந்தான். இடுப்பில் கையை வைத்து நின்று, பெண்டாட்டியின் குலவையைக் கேட்டுவிட்டுத்தான் முகத்தைத் துடைப்பான்.

தேர்வுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது தங்கப்பொண்ணு கேசட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “மாமா, இது என் குலவை இல்ல.”

“உன்னுது இல்லாம? நாந்தான பிடிச்சேன்?”

“என் தொண்டை எனக்குத் தெரியாதா? ஏதோ ஆம்பள போட்ட மாதிரி கொழகொழன்னு கேக்குது. நாயனமும் இழுக்குது. பேட்டரிய என்னைக்கு சார்ஜ் போட்டீக?”

பேயாண்டிக்குச் சுரீர் என்றது. வரிசையாக முகூர்த்தங்கள். பேட்டரி கல்யாண வீட்டிலிருந்து நேரே கரைக்கு வந்துகொண்டிருந்தது. அது சோர்ந்து சோர்ந்து கேசட்டை மெதுவாகச் சுற்ற, ஏழு நிமிஷ மேளம் ஏழே முக்கால் நிமிஷத்துக்கு நீண்டுவிட்டது. அடுத்தவன் செட்டில் பாட்டு இழுத்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துக் கேலி பேசுகிறவன், தன் பாட்டு இழுப்பதைக் கவனிக்கவில்லை. தன் கால்தான் வேகம் பிடித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பேட்டரியில் முழுச் சார்ஜ் ஏற்றி ஓடினான். மடைக்கு இன்னும் எண்பது தப்படி இருக்கும்போதே, கணீர் என்று அவள் குலவை வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். 

“இம்புட்டு நாளா என்னையே நான் ஏமாத்தியிருக்கேன்.”

“எண்பது தப்படிதான? இருபத்தோரு நாள் கிடக்கு. ஒரு நாளைக்கு நாலு தப்படி முன்னேறுனாப் போதும், எந்திரிங்க” என்றாள் அவள்.

அவளே இன்னொன்றும் செய்தாள். மைதானத்தில் மேளம் கொண்டுபோக முடியாதே. அதனால் அவன் பனையை நெருங்கும்போது சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவாள். அவன் மனசுக்குள்ளேயே கொட்டிக்கொண்டு ஓட வேண்டும். திடீரென்று மறுபடி ஏற்றுவாள். அப்போது அடியும் காலும் ஒன்றாக விழுகிறதா என்று பார்ப்பாள். முதலில் எக்கச்சக்கமாகத் தப்பியது. பத்து நாளில் பிசகாமல் விழுந்தது. கடைசி வாரம் செட்டையே கொண்டுபோகவில்லை. சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மடைமேல் உட்கார்ந்தாள். ஓடி வந்தவன், “இன்னும் குலவை வரல” என்பான். கடிகாரத்தைப் பார்த்து, ஏழு நிமிஷம் தாண்டிவிட்டது என்று தலையை ஆட்டுவாள். கடைசி இரண்டு நாளும் வரவில்லை என்றுதான் சொன்னான். கடிகாரமும் அதையேதான் சொன்னது.

தேர்வன்று அவள் மதுரையில் மைதானத்துக் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே விசில் ஊதியதும் மற்றவர்கள் பிய்த்துக்கொண்டு போனார்கள். மேளம் மெதுவாகத்தான் ஆரம்பிக்கும் என்று தெரிந்ததால் பேயாண்டி கடைசியில் ஓடினான். இரண்டாவது சுற்றில் சூடேறியது. நாலைந்து பேரைத் தாண்டினான். மூன்றாவது சுற்றில் ஒலிபெருக்கியில் யாரோ அறிவிப்புச் செய்யப்போய், மைக் காதைக் கிழிக்கிறாற்போல் வீறிட்டது.

‘குழாய்க்கு நேரா மைக்க நீட்டுறான் பாரு கோட்டிப்பய’ என்று மனசு திரும்பிய ஒரு நொடியில் மேளம் நின்றுவிட்டது. பக்கத்தில் ஓடியவனின் மூச்சுதான் கேட்டது. இவனுக்கும் வாங்க ஆரம்பித்தது. போச்சு என்று நினைத்தான். பிறகு காலைக் கவனித்தான். கால் இன்னும் அதே அடியில்தான் விழுந்துகொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான். பத்துத் தப்படியில் தவில் திரும்பி வந்தது, பின்னாலேயே உறுமியும் வந்தது. கோட்டைத் தாண்டியபோது இரண்டும் இன்னும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன.

நேரத்தை யாரும் அப்போது சொல்லவில்லை. தேறியவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பதாகச் சொல்லி எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். தங்கப்பொண்ணு கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“வந்துருச்சா மாமா?”

“இன்னும் வரல” என்றான் பேயாண்டி, மூச்சு இரைக்க. “நீ போடு.”

அவள் ரோடு என்று பார்க்கவில்லை, காக்கிச்சட்டை என்று பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குலவை போட்டாள். அங்கே நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மைக்கில் அவன் பெயரை வாசித்ததே அந்தச் சத்தத்தில் இருவருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்தான் தோளைத் தட்டிச் சொன்னார்.