திரேசம்மாள் சொன்ன மீன்

நேற்று பழவங்காடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் தகர டின் ஒன்றை இறக்கி வைத்தாள். மூடி சற்று நகர்ந்து மீனெண்ணெய் வாடை குப்பென்று வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் விலகவில்லை. அந்த வாடை எனக்கு ஒரு மனிதரை நினைவூட்டும். எப்படி என்று கேட்டால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

யுத்த காலம். திருவனந்தபுரத்துக்கு ரேடியோ நிலையம் வந்த புதிது. அங்கே பேச்சுப் பகுதியில் நான் குமாஸ்தா. பேச வருகிறவர்களின் கட்டுரையை டைப் அடிப்பேன், நிமிஷம் பார்த்துச் சுருக்குவேன், இருமினால் தண்ணீர் கொடுப்பேன். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் 'ரேடியோ அதிகாரி' என்று போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிஷம் தமிழில் பேச வருவார் மகாதேவன் சார். சர்க்காரின் நிலவியல் இலாகாவில் வேலை; பூமிக்கடியில் கல்லாகிப்போன உயிர்களை ஆராய்கிறவர். கொல்லத்துப் பக்கம் பாறையில் கிடைத்த ஒரு சங்கை வைத்துக்கொண்டு, இங்கே ஒரு காலத்தில் எப்படிக் கடல் கிடந்தது என்று வீட்டுக் கூடத்தில் பேசுவதுபோலப் பேசுவார். நாகர்கோவிலிலிருந்தும் போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்தும் கடிதம் வரும். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கல்லையே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "இது ரேடியோ ஆபீசாணோ, கல்லுக்கடையாணோ?" என்று வாசல் காவல்காரர் சலித்துக்கொள்வார்.

ஒரு நாள் அவர் மேஜைக்கு முக்காலி அளவில் ஒரு முதுகெலும்புத் துண்டு வந்தது. குளச்சலுக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில் கிணறு தோண்டும்போது கிடைத்ததாம். செம்மண் ஊறிச் சிவந்திருந்தது. பத்திரிகைக்காரர்களுக்குச் சேதி தெரிவதற்கு முன்னால் ரேடியோவில் வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு.

"கொஞ்சம் பொறு. அறுத்துப் பாக்காமே ஒண்ணும் பறையப்பிடாது," என்றார் அவர்.

"பத்திரிகைக்காரா முந்திண்டுடுவா சார்," என்று நச்சரித்தேன். கடைசியில் அரை மனதாக எழுதிக் கொடுத்தார். 'பல லட்சம் வருஷத்துக்கு முந்தியதாக இருக்கலாம், கல்லாகிப்போன எலும்பாக இருக்கலாம்' என்று ஏகப்பட்ட 'இருக்கலாம்'. டைப் அடிக்கும்போது பார்த்தால் பதினைந்து நிமிஷத்தைத் தாண்டியது. எல்லா 'இருக்கலாம்'களையும் எடுத்துவிட்டேன். மைக் முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போதுதான் அவர் அதைக் கவனித்தார். ஒரு விநாடி நிறுத்தினார். பிறகு காகிதத்தில் இருந்தபடியே வாசித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஓர் அம்மாள் நிலையத்துக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும், பெயர் திரேசம்மாள். பேச்சைக் கேட்டுவிட்டு இலாகாவின் ஆட்கள் அவள் ஊருக்குப் போய், தோண்டுவதற்காக நாலு குடிசைகளைச் சுற்றி முளை அடித்திருந்தார்கள். அதில் ஒன்று அவளுடையது. அவளைச் சாரின் ஆபீசுக்கே அழைத்துப் போனேன்.

"சாரே, அது நான் சின்னப்பிள்ளையா இருக்கச்சில கரையில ஒதுங்குன பெரிய மீனாக்கும். நாத்தம் தாங்காம எங்க அப்பனும் ஊர்க்காரங்களும்தான் குழி வெட்டி மூடினாங்க. இப்பம் அதுக்காவ எங்களக் குடிசையப் பிரிக்கச் சொல்லுகாங்க."

"அதே எலும்புதான்னு எப்படிச் சொல்றேள்?" என்றார் சார்.

"அறுத்துப் பாருங்க. உள்ள மீன்நெய் வாடை போயிருக்காது."

நான் எலும்பைப் பிடித்துக்கொள்ள, அவரே ரம்பம் போட்டார். இரண்டு விரற்கடை இறங்கியதும் அந்த வாடை வந்தது. நேற்று பழவங்காடியில் வந்த அதே வாடை. அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"கல்லாயிருந்தா வாடை ஏது? தெத்திப் போச்சு. என் தப்புதான்."

"நான்தான் சார் அந்த வார்த்தையெல்லாம் வெட்டினேன்," என்றேன்.

"நீ வெட்டினே. வாசிச்சது நானாக்கும்."

தப்பை ரேடியோவிலேயே சொல்லிவிடுகிறேன் என்று அவர் கேட்டது மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. கோப்பில் ஒரு குறிப்பு எழுதினால் போதும், ரேடியோவில் சொல்லி இலாகாவின் மானத்தை வாங்க வேண்டாம் என்று உத்தரவு. அந்த வெள்ளிக்கிழமைக்கு, யானையின் மூதாதையர் பற்றிய பேச்சுதான் அனுமதி முத்திரையோடு வந்தது. முத்திரை விழுந்த எழுத்தை விட்டுப் பேச்சு விலகினால் நான் கையை உயர்த்த வேண்டும். இன்ஜினியர் ஒலியை நிறுத்திவிடுவார். யுத்தகாலச் சட்டம் அப்படி.

அவர் யானைக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "போன மாதம் நான் இங்கே சொன்னது தப்பு. அந்த எலும்புக்கு ஐம்பது வயதுகூட இராது. அந்த ஊர் திரேசம்மாளுக்கு அது தெரியும். அவரைக் கேட்காமல் நான் பேசிவிட்டேன்," என்று தொடங்கினார். பதினைந்து நிமிஷமும் அதைத்தான் பேசினார். பழைய எலும்பையும் புது எலும்பையும் எப்படிப் பிரித்தறிவது, தான் எந்த இடத்தில் அவசரப்பட்டோம் என்றெல்லாம் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. இன்ஜினியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை மடியை விட்டு எழும்பவில்லை.

அடுத்த வாரமே முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. அவரை வெளியூர் வேலையிலிருந்து எடுத்துக் கோப்பு பார்க்க உட்கார்த்தினார்கள். வெள்ளிக்கிழமைப் பேச்சும் நின்றது. நேயர்கள் விடவில்லை. போனக்காட்டிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி யாரையோ பிடித்து எழுதச் சொல்லி, ஒரு கல்லையும் பொதிந்து அனுப்பியிருந்தார். 'பழசு இல்லேன்னா அதையும் ரேடியோவுல சொல்லுங்க.' அதைப் படித்துவிட்டு சார் வெகுநேரம் சிரித்தார். மூன்று மாதத்தில் பேச்சு திரும்பி வந்தது. வெளியூர் வேலை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. திரேசம்மாளின் குடிசை நின்ற மணலைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. பேச்சுகளைப் பதிந்து வைக்கும் வழக்கம் எங்கள் நிலையத்தில் அன்று இல்லை. பேசியது அப்படியே காற்றில் போயிற்று. ஓய்வு பெறுவதற்குமுன் ஒருமுறை பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே, 'ஒலிபரப்பானது' என்ற முத்திரையோடு யானையின் மூதாதையர் பத்திரமாக இருந்தார்கள்.