விமானத்துக்குப் பெயிண்ட் உரித்த நாட்கள்

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில், மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காகப் பழைய சிறிய விமானம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதன் பெயிண்டை உரிக்கும் வேலை எனக்கும் என் நண்பனுக்கும் கிடைத்தது. இருவரும் பழங்காநத்தத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள்; பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் இடத்திலும் ஒன்றாகவே வேலை பார்த்தோம். அங்கே ரசாயனத்தைப் பூசித்தான் பெயிண்டைக் கழற்றுவோம். கையுறையையும் மீறிச் சுடும். குளித்துவிட்டு உட்கார்ந்தாலும் சோற்றில் அந்த வாடைதான் அடிக்கும்.

கல்லூரி மைதானத்தை ஒட்டிக் கிணறு இருந்ததால் ரசாயனம் வேண்டாமென்று முடிவுசெய்தோம். கோதுமை மாவுச்சத்தில் செய்த குருணையைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சினோம். பெயிண்ட் பொடிந்து உதிர்ந்தது. அலுமினியத்தில் ஒரு கீறல் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நண்பன் கத்தினான்.

"மாப்ள, அங்க பாரு!"

விமானத்தைச் சுற்றி மயில்கள். சிந்திய குருணையைக் கோழி மாதிரி கொத்திக்கொண்டிருந்தன. எனக்குப் பதறிவிட்டது. குருணையால் கெடுதல் இல்லை. அதோடு கலந்து கிடந்த பழைய பெயிண்ட் தூள் விஷம்.

"விரட்டுடா!"

தயிர்ச்சோற்றுக் கையோடு இருவரும் ஓடினோம். விரட்ட விரட்டத் திரும்பி வந்தன. நண்பன் பைக்கை எடுத்தான்.

"திருமங்கலம் போயி தார்ப்பாய் வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் நீ காவல் இரு."

தார்ப்பாயோடு ஒரு பை கம்பும் வந்தது.

"இது யாருக்குடா இம்புட்டு?"

"அதுகளுக்குத்தான். வயிறு நெறஞ்சா இங்கிட்டு ஏன் வரப்போகுது?"

விமானத்துக்கு அடியிலும் சுற்றிலும் தார்ப்பாய் கட்டினோம். தினமும் தூளைக் கூட்டி மூட்டை கட்டி, ஆபத்தான கழிவை எடுக்கும் வண்டியில் ஏற்றினோம். காலையில் அவன் மைதானத்தின் மறுகோடியில் கம்பு இறைப்பான். மயில்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே எனக்கு மூச்சு வரும். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடைசி மூட்டை போன அன்று சாயங்கால வெயிலில் விமானம் வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. வேலை முடிந்தும் எழுந்து போக மனமில்லை. இருட்டும்வரை இறக்கைக்கு அடியில் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோமென்று இப்போது நினைவில்லை. சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். அங்கே லேசர் ஒளியே பெயிண்டை எடுத்துவிடுகிறதாம். போன வாரம் போனில் சொன்னான்: "தூசி இல்ல, வாடை இல்ல மாப்ள. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்ல."

"லீவுக்கு எப்படா வார?" என்று கேட்டேன்.