இலையில் வைத்த மவுத் ஆர்கன்

மலாக்காவில் ஓர் அருங்காட்சியகத்தின் சேமிப்பு அறையில் ஒரு மவுத் ஆர்கன் இருக்கிறது. தகரம் துருவேறியிருக்கிறது, நான்காம் துளையின் ஓரத்தில் பல் பட்ட தடம் தெரிகிறது. கூடவே உள்ள சீட்டில் 'அண்ணாமலை, இசைக்கலைஞர், காஜா பெராங்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தப் பல் தடம் அவருடையதல்ல.

அண்ணாமலை காஜா பெராங் பகுதியில், மலாய் பேசும் தமிழ் வழிச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் பிறந்தவர். பகலில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பார். மாலையில் கல்யாண வீடுகளில் வாசிப்பார். வயலின்காரர் வராத நாள்களில் அந்த இடத்தை மவுத் ஆர்கனை வைத்தே சமாளித்துவிடுவார். பந்தியில் என்ன பரிமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வாசிக்கிறார் என்பது அவர் மனைவி காமாட்சியின் கேலி.

1943 ஜூன் மாதத்தில் ஜப்பானியர்கள் அச்சுக்கூடத்துக்கு வந்து ஆறு பேரை லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். மவுத் ஆர்கன் அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து அது மட்டும் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் தேவதாஸ், புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி. அண்ணாமலையோடு ஒரே முகாமில் இருந்தவர். காலராக் கொட்டகையில், சாக்கால் மூடிய ஓர் உடலின்மேல் அது கிடந்தது என்றார். சாக்கை விலக்கிப் பார்த்தீர்களா என்று காமாட்சி கேட்டாள். அங்கே யாரும் எதையும் விலக்கிப் பார்ப்பதில்லை என்று அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

போகி நெருங்கிக்கொண்டிருந்தது. செட்டி வீடுகளில் அன்று இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. அதில் அவர்களுக்குப் பிடித்தது. பெயர் சொல்லி அழைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே வந்து காத்திருப்பார்கள். அந்த வீட்டில் ஒருவருக்கு ஒருமுறை இலை போட்டால் பிறகு வருடாவருடம் போட்டாக வேண்டும்.

அண்ணாமலைக்கும் ஓர் இலை போட வேண்டும் என்றார் அவருடைய தாய் பூங்காவனம். வீட்டில் பேசுவது மலாய்தான். ஆனால் மாமியாரைக் காமாட்சி தமிழ்ச் சொல்லால் 'மாமி' என்றே அழைப்பாள்.

"முகத்தைப் பாக்காத ஆளு சொன்னாருன்னா இலை போடுறீங்க, மாமி?"

"எம்புள்ள பசியோட வாசல்ல வந்து நின்னா நான் என்ன சொல்றது?"

"அப்படி வந்து நிக்க அவரு செத்திருக்கணும்."

பூங்காவனம் கேட்கவில்லை. முன்னோரின் ஐந்து இலைகளுக்குப் பக்கத்தில் ஆறாவது இலை விழுந்தது. அரிசி இல்லாததால் தேங்காய்ப்பாலில் வெந்த மரவள்ளிக்கிழங்கை வைத்து, பக்கத்தில் மவுத் ஆர்கனையும் வைத்தார். மகன் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நல்ல வெயில். முற்றத்தில் காத்திருந்தார்கள். அப்போது உள்ளே ஓர் ஒலி எழுந்தது. ஊதிய ஒலியல்ல, மூச்சை உள்ளே இழுக்கும்போது வருவது. ஒரே துளையிலிருந்து நீளமாக வந்து நின்றது. பிறகு மறுபடியும் அதே ஒலி.

பூங்காவனம் மகன் வந்துவிட்டான் என்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். காமாட்சி கதவருகே போய்க் காது கொடுத்தாள். உள்ளே இருப்பது யாராயினும் அந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

கதவைத் திறந்தபோது கிழங்கு அப்படியே இருந்தது. மவுத் ஆர்கன் இலையின் மறு ஓரத்துக்குப் போயிருந்தது. நான்காம் துளையில் மட்டும் ஈரம்.

அண்ணாமலை 1945 நவம்பரில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். காய்ச்சலில் அந்தக் கொட்டகையில் கிடந்து சற்றுத் தேறியதுமே அவரை இன்னும் வடக்கே வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். காமாட்சி அவர் கையைப் பிடித்தாள், சூடாக இருந்தது. பூங்காவனம் முதலில் மகனுக்கு நிழல் விழுகிறதா என்று பார்த்தார். அதன் பிறகும் மகன் குடித்து வைத்த குவளையை எடுத்து, தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு மேல் முகாமைப் பற்றி அண்ணாமலை வாய் திறக்கவில்லை. மவுத் ஆர்கனைத் தொடவும் இல்லை.

அடுத்த போகிக்குள் கணவர் பெயர் அந்த இலையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். காமாட்சிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. உயிரோடு இருப்பவரை இன்னொரு முறை அழைத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

"உங்க மகன் உள்ளதான் உக்காந்திருக்காரு, மாமி."

"ஒருத்தன் உக்காந்திருக்கான். ஒருத்தன் வந்துட்டுப் போனான். வந்தவன இந்த வருஷம் பட்டினி போடவா?"

போகியன்று காலையில் காமாட்சி வேறு வழியில்லாமல் போன போகியில் கேட்ட ஒலியைக் கணவரிடம் சொன்னாள். எந்தத் துளை என்று கேட்டார். நான்காம் துளையைக் காட்டினாள். பல் தடத்தை விரலால் தடவிவிட்டு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பொன்னுதுரை" என்றார்.

கொட்டகையில் அடுத்த பாயில் கிடந்த தோட்டத் தொழிலாளி பொன்னுதுரை. குளிரில் பல் அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்ணாமலைதான் மவுத் ஆர்கனைக் கடித்துக்கொள்ளக் கொடுத்தாராம். பொன்னுதுரைக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு துளையில் வாய் வைத்து மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பாராம். தோட்டத்தில் அவருக்கென்று யாரும் மிச்சமில்லை. செத்தால் எங்கே போவது என்று கேட்டிருக்கிறார்.

"எங்க வீட்டுக்கு வா, வருஷாவருஷம் இலை போடுவாங்கன்னு சொன்னேன். வழியும் சொன்னேன். கோயிலத் தாண்டி மூணாவது வீடு."

கதவோரம் நின்று கேட்ட பூங்காவனம் அந்த ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டார். கருவாடு என்றார் அண்ணாமலை. சரி, இனி அந்த இலைக்கு அந்தப் பெயர்தான் என்று பூங்காவனம் சொன்னபோது காமாட்சிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஆனால் கணவர் இன்னும் தலை நிமிரவில்லை.

"அபாங்" என்று மலாயில் கணவரை அழைத்தாள் காமாட்சி. "அவருக்கு மட்டுந்தான வழி சொன்னீங்க?"

அண்ணாமலை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒரு கை முடிந்து மறுகையில் தொடங்கினார். அவர் எண்ணி முடிக்கும்வரை காமாட்சி காத்திருக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லையில் இருந்த வாழைகளை நோக்கிப் போனாள்.