நாத்தனாரின் குரலுக்கு நாற்பதாயிரம் பேர்

பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. பதினாறு வருடமாகப் பல்செட் செய்கிறாள். டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, ரோஸ் நிற மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் மயிரிழை பிசகாமல் கடிக்கிறதா என்று பார்த்து, கடைசியில் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றுவாள். அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரிப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பாராட்டெல்லாம் முன்னறையிலேயே டாக்டருக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். இதையெல்லாம் அவள் மனதில் போட்டுக்கொண்டதே கிடையாது. அவளை ஆட்டிவைக்க ஒரு டிவி தொடர்தான் வரவேண்டியிருந்தது.

'செம்புழுதி' என்று அதற்குப் பெயர். தண்ணீர் வற்றிப்போன ஒரு சிவப்புக் கோள், அதில் ஒரு சுரங்க ஊர், ஊருக்குச் சட்டம் சொல்ல வந்த ஒற்றைக்கையன், அவன் ஏறிவரும் இரும்புக் குதிரை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு பாகம் வரும். முதல் பாகத்தை விளம்பர இடைவேளையில்கூட எழுந்திருக்காமல் பார்த்தவள், மறுநாளே ரசிகர் குழு ஒன்றைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தாள். அப்போது அதில் இருநூறு பேர்கூடக் கிடையாது. 'மெழுகு' என்ற புனைபெயரில் வாராவாரம் கட்டுரை எழுதிப் போட்டாள். வானத்தில் இரண்டு சூரியன் இருக்கிறதே, நிழல் மட்டும் ஏன் ஒரு பக்கமாக விழுகிறது என்று கேட்டு அவள் எழுதியது மூன்று பக்கம் வந்தது. ஒன்பது பேர் விருப்பக்குறி போட்டார்கள். ஒன்பது பேருக்கே அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான்காவது பாகம் வந்த வாரம் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனின் தங்கை, பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். இந்த ஊர் நிலையத்துக்கு மாற்றலாகியிருந்தது. குடியிருப்பு கிடைக்க மூன்று மாதமாகும், அதுவரை அண்ணன் வீடு. சனிக்கிழமை மாலை ஒரு கிண்ணம் நிலக்கடலையோடு வந்து சோபாவில் பல்லக்காவின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இவன் யாரு அண்ணி? கை எங்க போச்சு?"

"போன பாகத்துல சொன்னாங்க. சுரங்கம் இடிஞ்சப்போ."

"அடப்பாவமே. அந்தக் குதிரைக்கு ஏன் கண்ணு செவந்திருக்கு? தூங்கலையா?"

"அது மிஷின். சார்ஜ் குறைஞ்சா செவப்பாகும்."

"என் தங்கம்! அதுக்கு யாராவது சார்ஜ் போட்டுவிடுங்களேன்!"

பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

அந்தப் பாகத்தின் முடிவில், தாகத்துக்குத் தண்ணீர் திருடிய கிழவனை ஒற்றைக்கையன் சுட்டுவிட்டான். நாத்தனார் கடலைக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று டிவியைப் பார்த்துக் கத்தினாள்: "டேய், தண்ணிய ஒளிச்சு வெச்சவன் அங்க குளிச்சிட்டு இருக்கான், குடிச்சவன சுடுறியே! உனக்கு ஒரு கை போனது பத்தாதுடா!" சொல்லும்போதே குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. பேருந்து நிலையத்தின் எட்டு நடைமேடைக்கும் கேட்கப் பழகிய குரல். சோபாவின் அந்தக் கோடியில் இருந்த கணவன் சிரித்துக்கொண்டே அதை போனில் பதிவு செய்து, விளையாட்டாக அந்த ரசிகர் குழுவில் போட்டான்.

அது குழுவிலிருந்து குழுவுக்குப் பரவி, செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பதாயிரம் பேர் கேட்டுவிட்டார்கள்.

பல்லக்கா அறையில் மெழுகை உருக்கியபடி அந்த எண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தோராயிரம். அன்று அவள் நட்ட முன்பல் இரண்டும் முயல் பல்லாக நீண்டு நின்றன. பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் நாத்தனார் சனிக்கிழமை என்று ஆகிவிட்டது. அவள் பேசுவதைப் பதிவு செய்து தரச் சொல்லிக் குழு நடத்துபவரே கேட்டு வாங்கிப் போட்டார். நிலையத்தில் பேருந்து நேரம் விசாரிக்க வந்தவர்கள் குரலை வைத்து அடையாளம் கண்டுபிடித்து, "குதிரைக்கு சார்ஜ் போட்டாச்சா மேடம்?" என்று கேட்டார்களாம். நாத்தனார் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பல்லக்காவும் சிரித்தாள். அவள் சிரிப்பு கண்ணாடி டம்ளரில் கழற்றி வைத்த பல்செட்டைப் போல இருந்தது.

நாத்தனார் ஏமாற்றுக்காரி அல்ல. அதுதான் கொடுமை. எதைப் பேசினாலும், "இது எங்க அண்ணி சொன்னது" என்று மறக்காமல் சொல்லிவிடுவாள். விளைவு, குழுவில் கேட்க ஆரம்பித்தார்கள்: 'அண்ணி இதுக்கு என்ன சொல்றாங்க?' 'அண்ணிக்கு ஒரு சல்யூட்!' அதே குழுவில் அதே அண்ணி எட்டுக் கட்டுரை எழுதியிருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒன்பதாவதையும் எழுதிப் போட்டாள். அதன் கீழே ஒரே ஒரு பதில் வந்தது: 'ரொம்ப நீளம். இதை அந்த பஸ் ஸ்டாண்ட் அக்கா குரலில் கேட்டால் நன்றாக இருக்கும்.'

அன்று அவளுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் மெழுகு உருக்க அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

கடைசிப் பாகத்துக்கு இரண்டு நாள் முன்பு, வேறொரு குழுவில் யாரோ முடிவைக் கசியவிட்டிருந்தார்கள். பல்லக்கா அதை இரண்டு தடவை படித்தாள். வியாழக்கிழமை மாலை மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கடைசியில குதிரை செத்துருது, தெரியுமா? தன் பேட்டரிய அவனுக்குக் குடுத்துட்டு, அப்படியே மண்ணுல நின்னுருது."

நாத்தனாரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"உனக்குக் கொஞ்சமாவது இருக்கா?" என்றான் கணவன். "அவ எத்தனை வாரமா காத்துட்டு இருக்கா!"

"வாய் தவறி வந்துருச்சு," என்றாள் பல்லக்கா.

"பரவால்ல அண்ணா, விடு," என்றாள் நாத்தனார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள்.

சனிக்கிழமை மாலை அவள் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நிலையத்துக்குப் போய்விட்டாள். கணவனும் கோபத்தில் எங்கோ வெளியே போயிருந்தான். சோபா முழுவதும் பல்லக்காவுக்கே. இத்தனை வாரமாக அவள் ஏங்கியது இதற்குத்தான். ஒற்றைக்கையன் புழுதியில் விழுந்தான், குதிரை மண்டியிட்டது, அதன் கண் சிவந்து மங்கி அணைந்தது. பல்லக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. முன்பே தெரிந்த கதை. தனக்கும்தான் கெடுத்துக்கொண்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. குழுவைத் திறந்தால், 'அக்கா எங்கே? குரல் எங்கே?' என்று நூற்றுக்கணக்கில் கேள்விகள். நடுவில் நாத்தனாரின் பதில் ஒன்று: 'இன்னிக்கு டியூட்டிப்பா. அப்புறம் பாக்கறேன்.' காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் படித்ததும் பல்லக்காவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பறை என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு மைக், ஒரு நேர அட்டவணை, ஒரு தண்ணீர் பாட்டில். நாத்தனார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லாமல் கதவை மட்டும் திறந்துவிட்டாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"செத்துருச்சா?"

"ம்."

நாத்தனார் விரலை உயர்த்திப் பொறுக்கச் சொல்லிவிட்டு மைக்கை அழுத்தினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஆறாம் நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்து பதினைந்து நிமிடம் தாமதமாகப் புறப்படும்." மைக்கை அணைத்தாள்.

"அன்னிக்கு வாய் தவறல," என்றாள் பல்லக்கா. "தெரிஞ்சேதான் சொன்னேன்."

"தெரியும் அண்ணி. வாயிலயே வேலை பாக்கறவங்க நீங்க. உங்களுக்குப் போய் வாய் தவறுமா?"

சிரிப்பதற்காகச் சொன்னதல்ல. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"எனக்கு உன் மேல பொறாமை."

"என்கிட்ட என்ன இருக்கு?"

"நாப்பதாயிரம் பேர் இருக்காங்க."

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது." நாத்தனார் நேர அட்டவணையை மடித்தாள், விரித்தாள். "நாள் முழுக்க இதுல கத்தறேன். ஒருத்தராவது திருப்பி ஒரு வார்த்தை சொல்வாங்களா? வண்டி லேட்டுன்னா திட்டுவாங்க, அவ்வளவுதான். நீங்கதான் நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்க. கதையே எனக்குப் பாதி புரியாது. அதுக்காகத்தான் வந்து உக்காந்தேன்."

பல்லக்கா நின்றுகொண்டே இருந்தாள். "மன்னிச்சுரு."

"இப்ப முடியாது. கோபமா இருக்கேன். நீங்க போங்க, நான் எட்டு மணி வண்டிய அனுப்பிட்டு வரேன்."

நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை, பல்லக்கா வேலைக்குக் கிளம்பும்போது, தலை துவட்டிக்கொண்டே நாத்தனார் சொன்னாள்: "மெழுகுங்கிறது நீங்கதான்னு அண்ணன் சொன்னான். ராத்திரி அந்த நிழல் கட்டுரையப் படிச்சேன்."

செருப்பில் பாதி நுழைத்த காலைப் பல்லக்கா வெளியே எடுத்தாள். "எப்படி இருந்தது?"

"ரெண்டாம் பக்கத்துல தூங்கிட்டேன் அண்ணி. ஆனா தூங்கற வரைக்கும் நல்லா இருந்தது."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பல்லக்கா படி இறங்கினாள். பாதித் தெருவில் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி கொஞ்சம் எரிந்தது.

அடுத்த மாதம் குடியிருப்பு கிடைத்து நாத்தனார் போய்விட்டாள். பல்லக்கா இப்போதும் எழுதுகிறாள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறாள். படிப்பவர்கள் இருபது பேர் தேறுவார்கள். நாத்தனார் எதைப் பேசிப் போட்டாலும் முதல் ஆளாகக் கேட்டுவிட்டு, எத்தனை பேர் கேட்டார்கள் என்றும் பார்ப்பாள். அதை அவளால் விட முடியவில்லை. விட்டுவிட்டதாக நடிக்கவும் இல்லை.

'செம்புழுதி'யின் இரண்டாம் பருவம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்று நாத்தனார் போனில் கூப்பிட்டாள். "எந்த வீட்ல பாக்கறது அண்ணி?"

"இங்கயே வா. ஆனா போனை வாசல்ல வெச்சுட்டு வரணும்."

"அதெல்லாம் முடியாது."

"சரி, கொண்டு வந்து தொலை," என்றாள் பல்லக்கா. "ஆனா முதல் அரைமணி நேரம் வாயத் திறக்கக் கூடாது."

"கேள்வி கேக்கலாமா?"

"கேள்வி கேக்கலாம்."