ஒத்திகை நோயாளியும் குறுவை நாற்றும்

புது ஃப்ளூ ஏதாவது கிளம்பி வந்தால் ஊர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே பழகிப் பார்க்க ஒத்திகை நடத்தப் போகிறார்களாம். அதற்கு ஒரு நோயாளி வேண்டும் என்று சுகாதார ஆய்வாளர் என் வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு நடிப்பு வராதே" என்றேன்.

"நடிக்கவே வேணாம் சார். உங்க முகத்துக்கு சும்மா படுத்தாலே போதும்."

கல்லூரியில் இருபது வருடம் பொருளாதாரம் நடத்திச் சேர்த்த முகம் அது. பொதுநலத்துக்குப் பயன்படட்டும் என்று ஒப்புக்கொண்டேன். என் மனைவி மட்டும், "ஊர்ல இத்தனை பேர் இருக்க உங்களை ஏன் கேக்கறாங்க? உங்களுக்கு ஏதோ இருக்குன்னு அவருக்குத் தெரியும்போல" என்றாள். சந்தேகம் எங்கள் வீட்டிலிருந்துதான் ஆரம்பமாயிற்று.

காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை வெள்ளை உறை மாட்டிய நான்கு பேர் இறங்கினார்கள். நடந்தே ஏறிவிடுகிறேன் என்றேன். திட்டப்படி நோயாளியால் நடக்க முடியாதாம். ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டினார்கள். வாசலெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். எதிர்வரிசை ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதைப் படுத்தபடி பார்த்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அறையைத் தனி வார்டாக்கியிருந்தார்கள். ஆய்வகப் பெண் நீளமான ஒரு குச்சியோடு வந்து என் மூக்கைக் குறிவைத்தாள்.

"ஒத்திகைதானேம்மா?"

"குச்சி ஒத்திகை இல்ல சார். தலையத் தூக்குங்க."

"ரிசல்ட் எப்ப வரும்?"

"வந்தா சொல்லுவோம்."

அந்த 'வந்தா' எனக்குப் பிடிக்கவில்லை. மாலையில் டவுன் பஸ் பிடித்து வீடு திரும்பும் வழியெல்லாம் எச்சில் விழுங்கித் தொண்டையைச் சோதித்துக்கொண்டே வந்தேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வந்துவிட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு அதற்குள் கிளம்பியிருந்தது.

ஒத்திகைக்கு முந்தின நாளே வந்திருக்க வேண்டிய அறிவிப்பு ஆட்டோ, ஒத்திகைக்கு மறுநாள்தான் வந்தது. 'நேற்று நடந்தது வெறும் ஒத்திகை, பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்' என்று ஒலிபெருக்கி மூன்று சுற்றுச் சுற்றியது. அதுவரை பாதிப் பேர்தான் அச்சப்பட்டிருந்தார்கள். ஞாயிறு மாதா கோயில் பூசையில் எப்போதும் ஆறு பேர் நெருக்கியடித்து உட்காரும் பெஞ்சில் நானும் மனைவியும் மட்டும் விசாலமாக உட்கார்ந்து ஜெபித்தோம்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன், வயலில் நாற்று இல்லாமலிருந்தால். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம். குறுவை நெல்லுக்கு விட்ட நாற்றுக்கு அந்த ஞாயிறன்று இருபத்தோரு நாள். இருபத்தைந்தைத் தாண்டினால் நாற்று முற்றிவிடும். நட்டாலும் பக்கத்தில் முளைவிட்டுத் தூர் கட்டாது, அந்தப் போகம் போனதுதான். மிஷின் நடவுக்கு நாற்றையே பாய் மாதிரி வேறு முறையில் வளர்க்க வேண்டும், என்னுடையது பழைய நாற்றங்கால். ஆள் வந்துதான் நட வேண்டும். நடவு ஆட்களைக் கூட்டி வரும் அம்மாள் மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கேட்டுக்கு வெளியே, சாலையின் அந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"சார், அங்கேயே நில்லுங்க. எங்க பொம்பளைங்க வரமாட்டேங்குதுங்க."

"அது சும்மா ஒத்திகைம்மா."

"சும்மாவா? நிஜமா போன் பண்ணாலே ஆம்புலன்ஸு வர நேரமாவுது. சும்மாக் கூப்பிட்டதுக்கு டாண்ணு வந்து நிக்கிதுன்னா, நாங்க என்னன்னு நெனக்கிறது?"

இருபது வருடத்தில் எந்த மாணவனும் என்னை இப்படி மடக்கியதில்லை.

"கொரோனாவுல எங்க அக்காவையும் ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டு அனுப்பிடுவோம்னுதான் ஏத்திக்கிட்டுப் போனாங்க சார். பையில சுத்தித்தான் குடுத்தாங்க. மொகத்தக்கூட பாக்க வுடல."

கேட்டின் தாழ்ப்பாளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்தில் ஆய்வாளரைப் பிடித்தேன். முதலில் குச்சியின் ரிசல்ட்டைக் கேட்டேன். அது, சளி மாதிரியைப் பெட்டியில் வைத்துக் கட்டிப் பழகுவதற்கு எடுத்ததாம், பழகி முடித்ததும் அழித்துவிட்டார்களாம். நம்புவதா வேண்டாமா என்று அவர் கண்ணையே பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"சரி, எனக்கு நோய் இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் கொடுங்க."

"கொணமாயிடுச்சுன்னு குடுக்க ஃபாரம் இருக்கு. நோயே வரலன்னு குடுக்க ஃபாரம் இல்லையே சார்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வந்து கொணமாயிடுச்சுன்னு வேணா போட்டுடலாமா?"

இருபத்து மூன்று நாள் நாற்றை நினைத்துக்கொண்டே ஒரு கணம் தலையாட்டப் போனேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். அவர் என்னைச் சோதித்து, வெள்ளைத் தாளில் 'காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை' என்று எழுதி முத்திரை போட்டுத் தந்தார். அதைக் கொண்டுபோய் அந்த அம்மாள் வீட்டு வாசலில் போட்டு, பறக்காமல் ஒரு கல்லை மேலே வைத்துவிட்டுப் பத்தடி பின்வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டினாள்.

"இன்னிக்கு இல்லன்னு போட்டிருக்கு. அன்னிக்கு இல்லன்னு போடலையே?" என்றார் அம்மாள். "ஒண்ணுமில்லாத மனுசன் எதுக்கு சார் சீட்டு வாங்கப்போறாரு?"

சீட்டைக் கேட்டதே அவர்தான். அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை. நாற்று பாழாகும், இரண்டு நாள்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். நாற்று பாழாகும் என்றதும் அவர் முகம் மாறியது. தெருவுக்குள் போய் மற்ற நடவுப் பெண்களுடன் வெகுநேரம் பேசிவிட்டு வந்து நிபந்தனைகளைச் சொன்னார். நானோ மனைவியோ வரப்பில் கால் வைக்கக்கூடாது. எங்கள் வீட்டு டீ வேண்டாம். எது சொல்வதானாலும் போனில்.

இருபத்தைந்தாம் நாள் நடவு நடந்தது. நான் வாய்க்காலின் மறுகரையில் நின்று என் வயலை வேடிக்கை பார்த்தேன். ஒவ்வொருத்தியும் மூக்கை மூடித் துண்டு கட்டியிருந்தாள். தனித்தனித் தூக்குவாளி, தனித்தனி தம்ளர். சாப்பாட்டுக்குக் கரையேறியதும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு, வரப்பில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒத்திகை அறிக்கையில் 'பொதுமக்கள் ஒத்துழைப்பு போதவில்லை' என்று எழுதியிருப்பதாக ஆய்வாளர் அன்று காலைதான் போனில் சொல்லியிருந்தார்.

மூன்று மணி வாக்கில், கடைசிப் பாத்தி நட்டு முடிகிற நேரம், குனிந்து நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி இருமினாள். வரிசை முழுக்க நிமிர்ந்தது. இருமியவளை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வாய்க்காலைத் தாண்டி என்னைப் பார்த்தார்கள்.

"மேக்காத்து அங்கேருந்துதான்டி அடிக்குது" என்றாள் ஒருத்தி.

என் போன் அடித்தது. "சார், கோவிச்சுக்காதீங்க" என்றார் அம்மாள், எதிரே என்னைப் பார்த்துக்கொண்டே. "கெழக்கால போயி நின்னுக்கறீங்களா? இன்னும் அரை மணி நேரந்தான்."

துண்டால் வாயை மூடிக்கொண்டு கிழக்கே நடந்தேன்.