பூனை வீட்டுக்குத் தாங்காத மெத்தை

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிற வேலை அவளுக்கு. இருபது வயதில் உட்கார்ந்த அதே மேசையில்தான் ஐம்பத்து மூன்று வயதிலும் உட்கார்ந்திருந்தாள். மயிரிழை பிசகினாலும் பிரேமுக்குள் லென்ஸ் உட்காராது. அதனால் எதையும் அவசரப்படாமல் செய்து பழகிய கை. தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் மூன்று பூனைகள்: கறுப்பி, தடியன், ஒரு காது பாதி அறுந்துபோன அரைக்காது.

யார் வம்புக்கும் போகாத மனுஷி என்று கடையில் சொல்வார்கள். அது முக்கால்வாசிதான் உண்மை. ஒரே ஓர் ஆளின் மேல் அவள் முப்பத்தொரு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவர் வீட்டில்தான் அவள் இருந்தாள். அப்போது அவள் வளர்த்த பூனை, அண்ணனின் பீரோவுக்குள் யூனிஃபார்ம் சட்டைகளின் மேல் நாலு குட்டி போட்டுவிட்டது. மறுநாள் அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, தாயையும் குட்டிகளையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, டிப்போவிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சாயங்காலம் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தவளிடம், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கடைசி ஸ்டாப்புக்கு அனுப்பிட்டேன். வேணும்னா போய்ப் பார்த்துக்க" என்றார்.

அவள் போனாள். மூன்று நாள் லீவு போட்டு, கடைசி ஸ்டாப்பைச் சுற்றியிருந்த சந்துபொந்தெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே திரிந்தாள். ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. அந்த மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனி அறைக்குக் குடிபோனாள்.

அதையாவது காலப்போக்கில் விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாதது அண்ணன் அதை வேடிக்கைக் கதையாக்கியதுதான். கல்யாண வீடானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, நாலு பேர் சேர்ந்துவிட்டால் போதும். "எங்க வீட்டுப் பூனையைக் குடும்பத்தோட டூர் அனுப்பினேன் தெரியுமா? அஞ்சு பேரும் வித்தவுட்டு!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். கூட்டமும் சிரிக்கும். "இவ மூணு நாள் அங்க போய் மியாவ் மியாவ்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சா" என்று அவளைக் காட்டும்போது இன்னும் பலமாகச் சிரிக்கும். அவள் கையிலிருக்கும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வருடம் அண்ணனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனது. அண்ணி காலமாகி வெகுநாள். மகன் தொலைதூரத்தில் வேலையிலிருந்தான். அவர் குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகன் போனில் தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"அத்தை, அப்பா எழுந்து நடக்கிற வரைக்கும் உங்க வீட்டுல..."

"கூட்டிட்டு வா" என்றாள். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"டாக்டர் ஏர் பெட் வாங்கச் சொல்லியிருக்கார். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி. எதுன்னு நீங்களே பார்த்து எடுத்துடுங்க அத்தை."

"பார்த்தே எடுக்கிறேன்."

மெத்தைக் கடையில் விற்பனைக்கு நின்ற பெண் விவரம் தெரிந்தவள். முதல் கேள்வியே, "வீட்டுல பூனை, நாய் ஏதாவது இருக்காம்மா?"

"மூணு பூனை."

"அப்படின்னா இந்தப் பக்கம் வாங்க" என்று ஒரு காற்றுமெத்தையைக் காட்டினாள். தோல் தடிமன். மேலே நெருக்கி நெய்த கித்தான் உறை. நகம் மாட்ட இடமில்லை. மோட்டாரிலிருந்து போகும் குழாய்க்குக் கெட்டியான கவசம், ஏனென்றால் பூனைக்குக் குழாயைக் கடிக்கப் பிடிக்கும். உள்ளே அறை அறையாகத் தடுத்திருந்ததால் ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். கண்ணாடியக்கா ஒவ்வொன்றையும் விரலால் நிமிண்டிப் பார்த்து, மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டாள். பிறகு மூலையிலிருந்த இன்னொன்றைக் காட்டினாள்.

"அது?"

"ஐயோ, அது வெல்வெட்டும்மா. பூனைக்கு வெல்வெட்டைக் கண்டா கை சும்மா இருக்காது, பிசைய ஆரம்பிச்சிடும். தோலும் மெல்லிசு. குழாயும் வெறும் ரப்பர். உள்ள தடுப்பு கிடையாது, ஒரு ஓட்டை விழுந்தா மொத்தமும் போச்சு. பூனை வீட்டுக்கு அது தாங்கவே தாங்காது."

"அதையே பில் போடுங்க."

அண்ணனை நாற்காலியோடு தூக்கி வந்து வாசலில் இறக்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இதுங்க இன்னும் ஒழியலையா?" என்பது. இரண்டாவது, "நான் படுக்கிற ரூமுக்குள்ள ஒண்ணும் நுழையக் கூடாது."

"சரிண்ணா" என்றாள். அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளை, கண்ணாடிக் கடையின் பொடி ஸ்க்ரூடிரைவரால் முந்தின நாளே தளர்த்தி வைத்திருந்தாள். தாழ்ப்பாள் விழுவது போலச் சத்தம் கேட்கும், ஆனால் கதவு நிற்காது.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. பூனைகள் அந்தப் பக்கமே போகவில்லை. அவளுக்கே ஆத்திரம் வந்தது. நாலாம் நாள் மத்தியானம் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது கறுப்பி உள்ளே போய், கால்மாட்டில் ஏறி, கண்ணைச் செருகிக்கொண்டு வெல்வெட்டைப் பிசைந்து தள்ளியது. கதவிடுக்கில் நின்று பார்த்த கண்ணாடியக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மறுநாள் காலை அண்ணன் தொட்டிக்குள் விழுந்த மாதிரிக் கிடந்தார். நடுவில் இடுப்பு தரையைத் தொட, இரண்டு பக்கமும் மெத்தை மதில் போல எழும்பி நின்றது. மோட்டார் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

"ஏய்! வந்து தூக்கு! எழுந்திருக்க முடியலை!"

அவள் டீயைக் கடைசிச் சொட்டுவரை ஆற்றிக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் போனாள்.

ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டவும் செய்தாள். இரண்டு இருந்தால் ஒன்றை ஒட்டுவாள். அடுத்த நாள் அரைக்காது புதிதாக ஒன்று போடும். ரிமோட்டில் இறுக்கத்தைப் பத்து வரைக்கும் ஏற்றினாலும் மெத்தை மூன்றைத் தாண்டாது. இப்படியே இரண்டு வாரம். ஒவ்வொரு காலையும் அந்தக் கூப்பாட்டைக் கேட்டுக்கொண்டு டீ குடிப்பதில் அவளுக்கு ஒரு ருசி வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரிட்டையரான டிரைவர் ஒருவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்க வந்தார். பழைய டிப்போ ஆளைப் பார்த்ததும் அண்ணனுக்கு உற்சாகம் பீறிட்டது. தடியன் குறுக்கே நடந்தது. உடனே ஆரம்பித்துவிட்டார்.

"இந்தப் பூனைங்களைப் பார்த்தா நமக்கு அந்த டூர்தான் நினைவுக்கு வருது. அஞ்சு பேரும் வித்தவுட்டு! இவ கடைசி ஸ்டாப்புல மூணு நாள்..."

டிரைவர் சிரிக்கவில்லை. "கடைசி ஸ்டாப்பா? அன்னிக்கு வண்டி ஓட்டினது நான்தானே சார். அது கத்தின கத்துக்கு யாருக்கும் மனசு கேக்கலை. மூணாவது ஸ்டாப்புலயே, மாவு மில் பக்கத்துல இறக்கிட்டோம். அன்னிக்குச் சாயங்காலமே உங்ககிட்ட சொன்னேனே?"

அண்ணன் மெத்தை ரிமோட்டை எடுத்து அழுத்த ஆரம்பித்தார்.

கண்ணாடியக்கா ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மாவு மில் அப்போதைய வீட்டிலிருந்து கால் மணி நேர நடை.

"குட்டிங்க?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"நாலும் உசுரோடதான்மா இருந்துச்சு. தாய் ஒவ்வொண்ணா கவ்விக்கிட்டு மூட்டைக் கொட்டகைக்குள்ள போச்சு. பாசஞ்சரெல்லாம் இறங்கி நின்னு பார்த்தாங்க."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள். "தெரிஞ்சேதான் என்னை அலைய விட்டியா நீ?"

"அட, விளையாட்டுக்கு... ரெண்டு நாள் அலைஞ்சா பூனைப் பைத்தியம் தெளியும்னு..."

அவள் குனிந்து மெத்தையின் மூடியைத் திருகி எடுத்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. "ஏய், என்ன பண்றே, முதுகு, முதுகு!" என்று அவர் கத்தக் கத்த, மெத்தை அவரை மெதுவாக இறக்கித் தரையில் கிடத்தியது. டிரைவர் பதறி எழுந்தார்.

"நீங்க உட்காருங்க. அவர் படுத்திருக்கட்டும். டீ போட்டுக் கொண்டு வர்றேன்."

அந்தக் குரலுக்கு டிரைவர் உட்கார்ந்துவிட்டார். சுருங்கிய வெல்வெட்டின் மேல் அண்ணன் கூரையைப் பார்த்துக் கிடக்க, அவர் தலையைக் குனிந்தபடி டீயைக் குடித்து முடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நீங்க தேடினது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா உங்ககிட்டயே வந்து சொல்லியிருப்பேன்" என்றார்.

மறுநாள் பிசியோதெரபிக்கு வந்த பெண் அண்ணனின் முதுகைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ரொம்ப இறுகிப்போச்சு. இப்படியே போனா இன்னும் நாலு மாசம் படுக்கைதான்."

"நாலு மாசமா? இங்கயா?" கண்ணாடியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்று மத்தியானமே மெத்தைக் கடைக்குப் போனாள். விற்பனைப் பெண் அடையாளம் கண்டுகொண்டாள். "அன்னிக்கே சொன்னேனேம்மா, தாங்காதுன்னு."

"நீ நல்லாத்தான் சொன்னே. அந்தக் கித்தான் மெத்தையைக் குடு."

தடித்த தோலில் பூனைகளின் நகம் வழுக்கியது. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு அலமாரி மேல் இடம் பிடித்துக்கொண்டன. வேளாவேளைக்குச் சோறு, மாத்திரை, வெந்நீர் எல்லாம் வந்தது. அவள் பேச்சு மட்டும் வரவில்லை. ஏழு வாரம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவரைத் திரும்பிப் படுக்கச் சொல்லுங்க" என்று பிசியோ பெண்ணிடம்தான் சொல்வாள். முதல் வாரம் அவர் அதட்டினார். மூன்றாம் வாரம் கெஞ்சினார். ஐந்தாம் வாரத்தில் கறுப்பியைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

மகன் காரோடு வந்த அன்று, தடியை ஊன்றி நடந்துபோனவர் வாசலில் நின்றார். "நான் அன்னிக்குச் செஞ்சது..."

"கார் நிக்குது" என்றாள். அவ்வளவுதான்.

டிரைவர் டிப்போ ஆட்களிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த விசேஷ வீட்டிலும் அண்ணன் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவள் வந்தால் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

கண்ணாடிக் கடையில் இதையெல்லாம் கேட்ட கூட்டாளி, "என்ன இருந்தாலும் உடம்புக்கு முடியாதவர். பாவமா இல்லையாக்கா?" என்றாள்.

கண்ணாடியக்கா ஒரு லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விளிம்பை ஊதித் துடைத்தாள்.

"பத்தலை" என்றாள்.