வெள்ளைச் சீலைக்கு விழுந்த கூச்சல்

புஷ்பவதியை மிஸ்ஸி ஆக்கியது ஆஸ்பத்திரி அல்ல, ஒரு பேய்.

மிஸ்ஸி என்பது ஆஸ்பத்திரியில் தாதிமாருக்கு மட்டும் உரிய பெயர். புஷ்பவதி அங்கே பெண்கள் வார்ட்டில் அற்றென்டன், அதுவும் லீவு போட்டவர்களுக்குப் பதில் ஆள். பாத்திரம் கழுவினாள், விரிப்பு மாற்றினாள், செத்தவர்களின் தாடையைக் கட்டினாள். நேற்று வேலைக்கு வந்த தாதியும் “புஷ்பம், இங்க வா” என்றுதான் கூப்பிட்டாள். நோயாளி யாராவது தவறுதலாக மிஸ்ஸி என்றுவிட்டால் பக்கத்துக் கட்டில்காரி உடனே திருத்துவாள்: “அது மிஸ்ஸி இல்லை, பாத்திரம் தூக்கிற ஆள்.” பிறகு நிரந்தர ஆட்கள் வந்தார்கள். பதில் ஆளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்த வருடம்தான் உட்துறைமுக வீதிப் பக்கத்துத் தியேட்டருக்கு இரத்தம் குடிக்கும் ஆங்கிலப் பேய்ப் பிரபுவின் முதற்படம் வந்தது. அது படம். அதை நான் மறுக்கமாட்டேன். பிரபு படிக்கட்டில் இறங்கினால் கூரைத் தகரத்தில் காகம் நடக்கிற சத்தம் கேட்கும், அவ்வளவு அமைதி. பெண்கள் கலரியில் இரண்டு பேர் மெய்யாகவே மயங்கி விழுந்தார்கள். படம் பார்க்கப் போயிருந்த புஷ்பவதி அவர்களைக் கிடத்தி, கால்களை வாங்கில் பலகை மேல் தூக்கி வைத்து, மொய்த்து நின்றவர்களை விலக்கித் தெளிய வைத்தாள். மனேஜர் சரீப் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதையும் வீணாக விடாத மனிதர். அடுத்த பிரபு படத்தின் நோட்டீசில் கொட்டை எழுத்து விழுந்தது: ‘இதயப் பலவீனம் உள்ளோர் கவனிக்க! அரங்கினுள் மிஸ்ஸி தயார்!’

அன்றிலிருந்து பிரபு வரும்போதெல்லாம் புஷ்பவதி கஞ்சி போட்ட வெள்ளைச் சீலை கட்டி, துணியில் மடித்த தொப்பியைக் கொண்டையில் குத்தி, மூக்கில் பிடிக்கிற மருந்துப் போத்தலோடு பெண்கள் கலரி வாசலில் கதிரை போட்டு இருந்தாள். படம் ஓடுகிற நாட்களுக்குத்தான் கூலி. பெயரோ வருடம் முழுவதும் நின்றது. மீன்கடையில் “மிஸ்ஸிக்கு நல்ல பாரையாப் பார்த்துக் குடு” என்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அவள் திரும்புகிற வேகத்தைப் பார்த்தால், தாய் தகப்பன் வைத்த பெயரே அதுதான் என்று நினைப்பீர்கள்.

இப்படியே போய் ஆறாவது படம் வந்தது. ஒரு பேயை எத்தனை தரம் எழுப்பலாம் என்று படம் எடுத்த வெள்ளைக்காரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. முந்திய படத்தில் சாம்பலாகிப் போன பிரபுவை இந்த முறை எழுப்பியது ஒரு றப்பர் வௌவால். வௌவாலைத் தூக்கிய நூல் கடைசி வாங்கிலுக்கும் தெரிந்தது. நடுச்சாமம் என்றார்கள், குதிரையின் நிழல் மத்தியான வெயிலில் விழுவதுபோல் காலடியில் கிடந்தது. முதற்படத்தில் இறங்கிய அதே படிக்கட்டுக்குப் பச்சைச் சாயம் பூசிப் புதுக் கோட்டை என்றார்கள். எங்கள் வெருகல் ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வசனம் விளங்கிப் படம் பார்ப்பவன் என்பதால் ஆங்கிலப் படத்துக்குப் போனால் என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.

“மாஸ்டர், பிரபு என்ன சொல்லுறான்?”

“ஒன்றும் சொல்லவில்லை.”

“வாய் அசையுதே?”

“அசைகிறது. ஒன்றும் சொல்லவில்லை.”

வெள்ளிக்கிழமைக் காட்சியில் ஒருத்தியும் மயங்கவில்லை. சனிக்கிழமை மட்டினிக் காட்சிக்கு முன் சரீப் புஷ்பவதியைக் கூப்பிட்டார். மிஸ்ஸி என்று கூப்பிடவில்லை.

“நேத்து ஒருத்தரும் விழல்ல, புஷ்பவதி.”

“படம் அப்பிடி, முதலாளி. நானே கொட்டாவி விட்டனான்.”

“இண்டைக்கும் விழாட்டி இந்த மிஸ்ஸிக் கதையே இனி வேண்டாம். நோட்டீசிலயிருந்து வெட்டிப்போடுவன். ஆராவது ஒராள விழுத்தப் பாரும்.”

“தெளியப் பண்ணத்தான் எனக்குத் தெரியும். விழுத்த ஏலாது.”

“சரி, அத நான் பாக்கிறன்.”

அவர் பிடித்த ஆள் தியேட்டர் வாசலில் கடலை விற்கும் குணமணி. பிரபு முதல் தரம் பல்லைக் காட்டியதும் ‘ஐயோ’ என்று சரியவேண்டும். மீதிக் கடலை முழுவதையும் தியேட்டர் வாங்கிக்கொள்ளும். காலையிலிருந்து வெயிலில் நின்ற மனுசி, சந்தோசமாக உள்ளே வந்தாள். வந்தவள் புஷ்பவதியின் காதுக்குள் சொன்னாள்:

“மிஸ்ஸி, இண்டைக்கு நான்தான் மயங்கிறது. மெல்லமாப் பிடியுங்கோ, இடுப்பில வாதம்.”

புஷ்பவதிக்கு முகம் கறுத்தது. எழும்பிப் போயிருப்பாள். போனால் பெயரையும் அங்கேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். கதிரையை விட்டு அசையவில்லை.

படம் தொடங்கியது. றப்பர் வௌவால் வந்ததும் நிலாவெளிக் கடலுக்குப் போகிற பெடியன்கள் ஆண்கள் கலரியில் எழும்பி நின்றார்கள்.

“டேய், நூலை இழுத்துப் பிடியடா, காத்துக்கு அறப்போகுது!”

பிரபு பல்லைக் காட்டினார்.

“பல்லுக் கொதி போல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ!”

பெண்கள் பக்கத்தில் ‘ஐயோ’ கேட்கவில்லை. பிரபு இன்னொரு தரம் காட்டினார். அப்போதும் இல்லை. சரீப் வாசல் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். குணமணி சுவரோடு சாய்ந்து, கடலைச் சுளகை மடியில் வைத்தபடி, வாயைத் திறந்து நித்திரை. அந்தப் படத்துக்கு இதைவிட நேர்மையான தீர்ப்பை எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது. வெயிலில் நின்றவளுக்கு நிழலும் காற்றாடியும் கிடைத்தன, கண்ணைத் திறந்து வைத்திருக்கும்படி பிரபு எதுவும் செய்யவில்லை.

அவளை எழுப்பச் சொல்லிச் சரீப் சைகை காட்டினார். புஷ்பவதி எழும்பி, இருட்டில் வாங்கில்களைத் தாண்டிப் போனாள். யாருடைய முழங்கையோ பட்டுத் தொப்பி விழுந்தது, கொண்டை அவிழ்ந்தது. போய்க் குணமணியின் முகத்துக்கு நேரே குனிந்து தோளைத் தொட்டாள்.

எங்கள் பேய் கறுப்புக் கோட்டுப் போட்டு வராது. வெள்ளைச் சீலையும் அவிழ்ந்த கூந்தலுமாகத்தான் வரும். இவ்வளவு காலமும் ஒரு பெண்ணுக்கு வெள்ளைச் சீலை கட்டிப் பேய்ப்படத்தில் இருத்தி வைத்த சரீபுக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

குணமணி கண்ணைத் திறந்தாள். போட்ட கூச்சலில் பெண்கள் கலரி முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்த்ததும் அதுவும் கூச்சலிட்டது. வாங்கில் புரண்டது, கடலை சிதறியது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். இவ்வளவு நேரமும் பிரபுவை நக்கலடித்த பெடியன்கள் வாங்கில்களில் ஏறி நின்று முருகனைக் கூப்பிட்டார்கள். குணமணி ‘ஐயோ’ என்று சொல்லவே இல்லை. சத்தமில்லாமல் சரிந்தாள். இது நடிப்பில்லை.

புஷ்பவதி அவளைத் தாங்கிப் பிடித்து, இடுப்பு நோகாமல் மெல்லக் கிடத்தினாள். கால்களைத் தூக்கி வாங்கிலில் வைத்தாள், கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். ஓடின பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். திரையில் பிரபு தன் நீளக் கறுப்புக் கோட்டைத் தானே மிதித்துத் தடுக்கி, உடைந்த கதிரைக் காலில் நெஞ்சுபட விழுந்து செத்தார். ஆறு படம் நடித்த பேயைக் கொன்றது ஒரு கதிரை. அதைப் பார்த்தது அனேகமாக நான் ஒருவன்தான்.

விளக்குப் போட்டார்கள். சரீப் சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

“மிஸ்ஸி! இதுதான் மிஸ்ஸி! ஒவ்வொரு காட்சிக்கும் இப்பிடிக் குனிஞ்சாப் போதும். கொண்டையையும் அவுத்து விடுங்கோ!”

புஷ்பவதி குணமணியின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“நான் தெளியப் பண்ண வந்தனான், முதலாளி. பேய்க்கு வேற ஆளப் பிடியுங்கோ.”

“அப்ப நாளைக்கு வரவேணாம், புஷ்பவதி.”

“சரி. இப்ப காத்தை மறைக்காமத் தள்ளி நில்லுங்கோ.”

அவர் நகரவில்லை. கீழே குணமணி மெல்லக் கண் திறந்தாள். தன் மேல் குனிந்திருந்த முகத்தைப் பார்த்து, அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“மிஸ்ஸி... அந்தப் பேய் போயிட்டுதே?”

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“போயிட்டுது. அசையாமக் கிடவும்,” என்றாள் புஷ்பவதி.

சரீப் மறுபடியும் ஏதோ சொல்லத் தொடங்கினார். கிண்ணியாவிலிருந்து படம் பார்க்க வந்திருந்த ஒரு பெண், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் வந்தாள்.

“மிஸ்ஸி சொன்னது கேக்கல்லயா, சரீப் நானா? காத்த மறைக்காதீங்க.”

சரீப் தள்ளி நின்றார்.